படிக்க உட்கார முடியவில்லையா? அடைப்பு எங்கே என்று பார்த்துச் சரி செய்வோம்

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் உட்கார்ந்து மேட்டூரைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள். எங்கேயாவது ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கும், இல்லை மதகுப் பலகை பாதி இறங்கியிருக்கும், இல்லை கரை உடைந்து தண்ணீர் வடிகாலில் போய்க்கொண்டிருக்கும். மூன்றுக்கும் மூன்று விதமான வேலை. ஆகாயத்தாமரை அடைத்த இடத்தை விட்டுவிட்டு எவ்வளவு மண் வெட்டிக் கரை போட்டாலும் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் படிக்க வரும் பிள்ளைகளோடு நானும் உட்காருகிறேன். பாதிப் பேர் குரூப் 4 என்ற அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்கள், சிலர் பன்னிரண்டாம் வகுப்பு, ஒன்றிரண்டு பேர் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவர்கள். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "அக்கா, படிக்கவே மூட் வரல." கூடக் கொஞ்சம் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் அடைத்திருக்கும். ஒருத்திக்குப் புத்தகத்தைத் திறப்பதுதான் கஷ்டம், திறந்துவிட்டால் ஓடும். இன்னொருவன் நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவான், ஒன்றும் நினைவில் நிற்காது. இருவருக்கும் "நல்லா மனசு வச்சுப் படி" என்ற ஒரே அறிவுரையைச் சொல்லிப் பயனில்லை.

கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதைச் சரிசெய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

முதலில் இதைப் பாருங்கள்: படிப்பில் மட்டுமா, எதிலுமே மனம் இல்லையா?

படிக்கப் பிடிக்கவில்லை, ஆனால் சாயங்காலம் பந்து விளையாடப் பிடிக்கிறது, சிநேகிதிகளோடு பேசப் பிடிக்கிறது, சாப்பாடு இறங்குகிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை அல்லது நாளெல்லாம் தூக்கம், சாப்பாடு குறைந்துவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் டைம்டேபிள் போட்டுச் சரியாகிற விஷயம் இல்லை இது. மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமாகும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை 2022 முதல் இருக்கிறது. காசு கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தால்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு உடனே அழையுங்கள்.

உடம்பையும் பாருங்கள். எங்களோடு படித்த ஒரு தங்கை மூன்று மாதமாக "சோம்பேறி ஆயிட்டேன்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாள் தற்செயலாகச் சொன்னாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே, உடம்பில் இரும்புச்சத்து சேராது என்றும் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அவள் முகமே மாறிவிட்டது. மூன்று மாதம் அவள் தன்னைத் திட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தைராய்டு குறைந்தாலும் இதே மந்தம் வரும். அரைமணி நேரம் படித்ததும் தலை வலிக்கிறது என்றால் கண்ணைச் சோதியுங்கள்.

அறிகுறி: புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை

அதிகம் பேருக்கு அடைப்பு இங்கேதான்.

ஒரு சின்னச் சோதனை. இப்போதே ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடம் படியுங்கள். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தத் தோன்றவில்லை என்றால் உங்கள் கவனத்தில் கோளாறு எதுவும் இல்லை, தொடங்குவதில்தான் சிக்கல். பத்து நிமிடமும் முள்மேல் உட்கார்ந்தது போல் இருந்தால் போன் பகுதிக்கோ, தலையில் ஏறவில்லை என்ற பகுதிக்கோ போங்கள்.

தொடங்க முடியாததற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம், என்ன செய்ய வேண்டும் என்பதே நமக்குத் தெளிவாக இல்லாததுதான். "இன்னைக்கு வரலாறு படிக்கணும்" என்பது ஒரு வேலை ஆகாது. வரலாறு என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து புத்தகம், எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது? வயலுக்குப் போகும் ஆளிடம் "விவசாயம் பண்ணு" என்று சொல்லி அனுப்ப மாட்டோம், "மேலவயல் வரப்பை வெட்டிட்டு வா" என்போம். அதே மாதிரி முந்தின நாள் ராத்திரி படுக்கும் முன் ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள்: எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், இரண்டாம் பாடம், முதல் மூன்று பக்கம், படித்துவிட்டுப் பத்துக் கேள்வி. புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து, நோட்டையும் பேனாவையும் மேலே வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கக் கூடாது, போய் உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது, நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கட்டுங்கள். "காலை 5 மணிக்குப் படிப்பேன்" என்றால் 5.20க்கு எழுந்ததுமே அன்றைய கணக்கு தோற்றுப்போனதாகத் தோன்றும். "பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்ததும் திண்ணையில் உட்காருவேன்" என்றால் பால் ஊற்றுவது எப்படியும் நடக்கும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு படிப்பும் நடக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்: இது நடந்ததும் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

ஆசை வந்தபிறகு படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்து ஆசை பெரும்பாலும் பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் வருகிறது, அதுவும் நேற்றுப் புரியாத ஒன்று இன்று புரிந்த நாளில் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

அறிகுறி: உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கை போனுக்குப் போகிறது

போனை அறையை விட்டு வெளியே வையுங்கள். கவிழ்த்து வைப்பது, சைலண்டில் போடுவது எல்லாம் எங்களில் யாருக்கும் பலிக்கவில்லை. அம்மாவிடம் கொடுக்கலாம், பீரோவில் பூட்டலாம். எங்கள் ஊரில் ஒரு தம்பி நெல் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவான், எடுக்க வேண்டும் என்றால் நாலு மூட்டையை நகர்த்த வேண்டும்.

"ஒரே ஒரு மெசேஜ் பார்த்துட்டு வந்துடுறேன்" என்பதில்தான் நிறையப் போகிறது. பார்த்தது அரை நிமிடம்தான், ஆனால் அந்த மெசேஜில் இருந்த சண்டையோ சிரிப்போ அடுத்த பக்கம் வரைக்கும் கூட வரும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தின வேலையின் மிச்சம் மனதில் தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார், கவன எச்சம் என்று தமிழில் சொல்லலாம். மணிக்கு ஆறு முறை எட்டிப் பார்த்தால் அந்த மணி நேரம் முழுக்கவே மிச்சத்தில்தான் ஓடும்.

வகுப்பே போனில்தான் என்கிறவர்கள் வீடியோ பார்க்கும் நேரத்தையும் படிக்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். பார்க்கும்போது குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், படிக்கும்போது நோட்டு மட்டும் இருக்கட்டும். நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுக்கும் காசு வீண்செலவு இல்லை. நேரம் பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை 1980களின் கடைசியில் உண்டாக்கிய பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர்கூட சமையலறையில் கிடந்த தக்காளி வடிவக் கடிகாரத்தைத்தான் வைத்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தில் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவி வாருங்கள், போனைத் தொடாதீர்கள்.

அறிகுறி: பக்கம் ஓடுகிறது, தலையில் ஏறவில்லை

நான் முதல் முறை குரூப் 4 எழுதித் தோற்றது இதனால்தான். மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன், ஒவ்வொரு பாடத்தையும் ஐந்தாறு முறை படித்திருந்தேன், தேர்வு அறையில் எல்லாமே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, நாலு விடையும் சரி என்றே தோன்றியது. 3 மணி நேரத்தில் 200 கேள்வி, "எங்கோ பார்த்த மாதிரி" என்பதை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பப் படிக்கும்போது எழுத்து பழகிப்போகிறது, அதைத் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரக் கணக்கு.

எப்படிச் செய்வது என்று ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். காவிரிப் பாசனம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத்தாளில் மேலே மேட்டூர் என்று எழுதுங்கள். எந்த ஆண்டு கட்டி முடித்தது? 1934. முழு உயரம்? 120 அடி. கொள்ளளவு? நினைவுக்கு வரவில்லையா, புத்தகத்தைப் பார்க்காதீர்கள், ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுக் கோட்டைக் கீழே இழுங்கள். முக்கொம்பில் என்ன பிரிகிறது? கொள்ளிடம். கல்லணையில் எத்தனை பிரிவு? காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிச்சத் தண்ணீர் கொள்ளிடத்தில். வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் எதெதுவாகப் போகிறது? பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு. காவிரி கடலில் சேர்வது பூம்புகார். இப்போது புத்தகத்தைத் திறந்து கேள்விக்குறி போட்ட இடத்தை மட்டும் பாருங்கள்: 93.47 டிஎம்சி. முயன்று தோற்ற இடத்தில் வந்து விழுந்த அந்த எண்ணை இனி லேசில் மறக்க மாட்டீர்கள், அதில் ஒரு ஆத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் நாலைந்து தடவை இது கசக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று வரிதான் எழுத வரும். கசக்கிறது என்றால் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடு போடும்போது வரும் சுகம்தான் ஏமாற்றும். எழுதிய தாளைத் தேதி போட்டு வைத்து மறுநாள், அப்புறம் மூன்றாம் நாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே தன்னையே சோதித்துக் காட்டிவிட்டார், அதனால் மறுநாள் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: பிடித்த பாடம் மட்டும் ஓடுகிறது, மற்றதைத் தொட முடியவில்லை

இதைக் கேட்கும்போதெல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் நினைவுக்கு வருவார். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அவரைப் போல ஒரு பாடத்தில் ஒன்றிப்போன ஆள் உலகத்திலேயே குறைவு, அவரிடம் போய்க் கவனம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கணக்கில் இருந்தது ஆங்கிலக் கட்டுரைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் "எனக்குக் கவனமே இல்லை" என்று சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். எந்தப் பாடத்தில் இல்லை என்று கேளுங்கள்.

பெரும்பாலும் அந்தப் பாடத்தில் அடித்தளம் விட்டுப்போயிருக்கும். தனிவட்டி, கூட்டுவட்டி பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலருக்குச் சிக்கல் சதவீதத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்குக் கீழே இறங்குவதில் எந்த வெட்கமும் வேண்டாம். பிடிக்காத பாடத்துக்கு நாளின் முதல் அரைமணியைக் கொடுங்கள், பிடித்ததை அதற்குப் பின்னால் வையுங்கள். குரூப் 4இல் தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், பொது அறிவு பிடிக்கும் என்று அதிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அறிகுறி: மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது

உடம்பின் கடிகாரமே அந்த நேரத்தில் கொஞ்சம் தாழும், வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இன்னும் தாழும், சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு சண்டை போடாமல் 20 நிமிடம் படுத்து எழுந்துவிடுங்கள், ஒரு மணி நேரம் படுத்தால் எழும்போது தலை கனக்கும். மனப்பாடப் பாடங்களைக் காலைக்கு மாற்றிவிட்டு இந்த நேரத்தில் கணக்குப் போடுங்கள், கை ஓடினால் தூக்கம் விலகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீ வேண்டாம், அதில் இருக்கும் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும், பிறகு ராத்திரித் தூக்கம் கெட்டு மறுநாள் மதியம் இதே கதைதான். படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான், அதைக் குறைத்துப் படிக்காதீர்கள்.

அறிகுறி: வீட்டில் இடமில்லை, ஒரே சத்தம்

ஆடி மாதம் கோயில் ஸ்பீக்கர், மார்கழியில் விடியற்காலை ஸ்பீக்கர், ஒரே அறையில் டிவி. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. சத்தம் எந்த நேரத்தில் இல்லை என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் அது காலை பத்திலிருந்து பன்னிரண்டு. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சமையல், கடை எதற்கும் என்னை அனுப்பக் கூடாது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டால் பல வீடுகளில் கிடைக்கிறது. மற்றபடி நூலகம், பள்ளி விட்டபிறகு அதன் வராந்தா, கோயில் மண்டபம்.

அறிகுறி: பத்து நாள் விட்டுப்போச்சு, திரும்ப ஏற முடியவில்லை

வெளியூர்க்காரர்கள் போட்ட 90 நாள் திட்டம் டெல்டாவில் தொண்ணூறு நாள் ஓடாது. நடவு வரும், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும், தை பிறந்தால் சம்பா அறுவடை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, கூரை இல்லாத வீட்டில் யார் புத்தகத்தைத் தேடுவார்கள்? இந்த இடைவெளிகள் உங்கள் குற்றம் இல்லை. இவை வருஷாவருஷம் வருகிறவை என்பதால் திட்டத்திலேயே இடம் ஒதுக்கி வையுங்கள். தை, மாசியில் புதுப் பாடம் எடுக்க வேண்டாம், பழையதை எழுதிப் பார்ப்பது மட்டும்.

இரண்டாவது முறை நான் தேறிய வருஷம் எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் பதினொரு நாள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிக் காயப்போடச் சொன்னார்கள், காய்ந்ததும் மழை வந்தது, மறுபடி காயப்போட்டோம். அப்பா வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரும் வரை நான் குவியலுக்குக் காவல். மடித்த தார்ப்பாய்மேல் உட்கார்ந்து, கையில் நோட்டு மட்டும், முந்தின வாரம் படித்ததைப் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். கோழி வந்தால் விரட்டிவிட்டு அதே வரியில் தொடர்வேன். நாளுக்கு முக்கால் மணி நேரம்கூட இருக்காது, ஆனால் பன்னிரண்டாம் நாள் வீட்டில் புத்தகத்தைத் திறந்தபோது அந்நியமாக இல்லை.

அப்படியும் முழுசாக விட்டுப்போயிருந்தால் விட்ட பாக்கியை ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள், அந்தப் பாக்கியைப் பார்த்தே திரும்ப ஓடிவிடுவீர்கள். முதல் நாள், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்து, மூடி வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். அது போதும், அன்றைக்கு எழுந்துவிடுங்கள். இரண்டாம் நாள் புதுப் பாடத்தில் இரண்டு பக்கம். மூன்றாம் நாளுக்கான துண்டுத்தாளை ராத்திரியே எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.